கொலுப்படியில் ஒரு மந்திரிசபை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆறு பேரும் இன்றைக்கு ஒவ்வொரு நாட்டில் நன்றாக இருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் அந்த ஆறு பேரைத் தவிர இன்னும் ஒரு கூட்டத்தை நான் கட்டி மேய்த்திருக்கிறேன். எல்லாரும் அரசியல்வாதிகள். மந்திரி, தளபதி, தூதர், எதிரணி என்று நாற்பது பேருக்கு மேல் இருக்கும். இருந்த இடம் நிலவு. தங்கியிருந்தது கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் வீட்டு முன்னறையில்.

போன கிழமை நான் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற கதையைச் சொன்னதை வாசித்துவிட்டு, "இந்த அம்மா எப்போதும் கஷ்டத்தையே சொல்கிறா" என்று ஒருவர் எழுதியிருந்தாராம். இந்தக் கிழமை வென்ற கதை சொல்கிறேன்.

தொப்பியைக் கழற்றிய சார்ஜன்

விடிந்து கொஞ்ச நேரம். இடியப்பத் தட்டுகளை, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு நின்றேன். சண்டை நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் தமிழர் வீடென்றால் அந்த நேரத்தில் காது படிக்கட்டிலேயே கிடக்கும். சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு சோடி இல்லை.

"செக்கிங் மாமி," என்றாள் சுமதி. என் மூத்த மகனின் மனைவி. மகன் சவூதியில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்களும், நடக்கப் பழகிய ஒரு குழந்தையும்தான்.

உள்ளே வந்தவர்களில் பெரியவர் ஒரு பொலிஸ் சார்ஜன். வயது ஐம்பது இருக்கும், மீசை நரைத்திருந்தது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்துண்டு எல்லாம் பார்த்தார். அலுமாரி திறந்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள். பிறகு அவருடைய கண் முன்னறைச் சுவரோரம் போனது.

அங்கே படிப்படியாக, வெள்ளை வேட்டி விரித்து, கொலு. மேலே தொந்தியும் கணக்குப்பிள்ளைச் சிரிப்புமாகச் செட்டியார். அவருக்கு வலது பக்கம் குழலூதும் கண்ணன். கீழே கிளியேந்திய ஆண்டாள். கிளிக்குத் தலை இல்லை. இப்படி நிறையப் பேர்.

"மே மொனவத?" என்றார். இதெல்லாம் என்னவென்று சிங்களத்தில் கேட்கிறார்.

"தெய்யோ, மாத்தயா," என்றேன். சாமிகள் என்று சொன்னேன். அதைத் தவிர என்ன சொல்ல?

ஒரு இளம் பொலிஸ்காரன் வேட்டியைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தான். சார்ஜன் அவனைக் கையால் தடுத்தார். "அல்லன்ன எபா!" தொடாதே என்று அதட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் செட்டியாருக்கு முன்னால் இரண்டு கையும் கூப்பி நின்றார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தச் செட்டியார் செட்டியார் இல்லை. பேரவைத் தலைவர் வச்சிரன். முதல் நாள்தான் நிலவு முழுக்க ஊரடங்குச் சட்டம் போட்டு, கீழ்நகரத்துக்குக் காற்றை வெட்டியவர்.

மருமகளின் நிலவு

இது விளங்க வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும்.

சுமதி பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவள். கலவரம், வேலைநிறுத்தம் என்று படிப்பு பாதியில் நின்றுபோனது. கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சீலைகளோடு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் கொண்டுவந்தாள். நான் ஏதோ தையலுக்கு மாதிரி வெட்டுகிற தாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஒரு வாரப் பத்திரிகையில் அவளுடைய பெயர் வந்தது. 'கூரைக்குள் காற்று' என்று தொடர்கதை. நிலவில் மனிதர் போய்க் குடியிருக்கிறார்கள். வெளியே காற்றில்லை. கண்ணாடிக் கூரை போட்டு, அதற்குள்ளே நகரம் கட்டியிருக்கிறார்கள். காற்றைக் கதவு வைத்துப் பூட்டி, பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். கீழ்நகரத்தார் மேல்நகரத்துக்குப் போவதென்றால் கையில் துண்டு வேண்டும்.

"ஏன் பிள்ளை நிலவிலை கொண்டுபோய் வச்சனீ? இஞ்சை இடமில்லையே?" என்று கேட்டேன்.

"இஞ்சை வச்சால் பிரச்சினை மாமி. அங்கையெண்டால் ஆரும் வந்து பாக்கமாட்டினம்."

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் பலகை வாசிப்பேன். பத்திரிகைத் தலைப்பை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பேன். கூட்டி முடிக்கிற நேரத்தில் தொடக்கம் மறந்துபோகும். ஆகவே கதையை எனக்கு வாசித்துக் காட்டுகிறவ கமலம் மச்சாள். என் கணவருடைய தமக்கை. கணவர் காலமான பிறகும் கொட்டாஞ்சேனையிலிருந்து கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வந்து என்னை அதிகாரம் பண்ணாவிட்டால் அவவுக்கு நித்திரை வராது.

மச்சாள் வாசிக்கிற நேரம் நான் முருங்கைக்காய் வெட்டுவேன். ஆனால் அந்தப் பெயர்கள்! சுமதி எல்லாருக்கும் சுத்தத் தமிழில் பெயர் வைத்துவிட்டாள். வச்சிரன், மதியூகன், நெடுங்கோ, அருவன், இளவேனி. பிசைந்த மாவில் எது எந்த உருண்டையென்று பிரிக்க முடியுமா? எனக்கு அப்படித்தான் இருந்தது.

"இவர் ஆரின்ரை பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"எழுத்துக் கூட்டவே தெரியாது, உனக்கு நிலவிலை அரசியல் ஒரு கேடு," என்பா மச்சாள். அவ முதல் வாரத்திலிருந்தே வச்சிரன் கட்சி. "என்ன சொன்னாலும் மனுசனிட்டை ஒரு நிர்வாகம் இருக்கு," என்பா.

செத்தவர் சாப்பிட வந்தார்

எழுதுகிற சுமதிக்கும் அந்தக் கூட்டத்தை நினைவில் வைத்திருப்பது லேசில்லை. அதற்காக ஒரு பெரிய தாளில் வட்டம் வட்டமாகக் கீறி, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒருவர் பெயரை எழுதி, யார் யாருக்கு ஆள் என்று அம்பு போட்டு, அறைக்கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள். செத்தவர்களுக்குச் சிவப்பில் குறுக்குக்கோடு.

அடுத்த தெரு ஒழுங்கையில் ஒரு செக்கிங். அங்கே ஒரு மாணவன் பாடத்துக்காகப் பாலம் ஒன்றை வரைந்து வைத்திருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாய் பொலிஸ் வாசலில் கிடந்து மீட்டுவர நாளானது.

அன்று பின்னேரம் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'தளபதி.' 'ஆயுதக் கிடங்கு.' 'பாதுகாப்பு மந்திரி.' மந்திரிக்கு மேலே சிவப்புக் குறுக்குக்கோடு.

"பிள்ளை, இது நிலவெண்டு நீ ஆருக்கு விளங்கப்படுத்துவாய்?"

சுமதி தானே அதைப் பிய்த்துக்கொண்டு வந்து அடுப்புக்குள் வைத்தாள். ஒரு மந்திரிசபை முழுக்க எரிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சூட்டில் தேத்தண்ணி வைத்துக் குடித்தோம்.

அந்தத் தாள் இல்லாத வினை மூன்றாம் நான்காம் கிழமையில் வந்தது. தூதர் நெடுங்கோ என்று ஒருவர். கூரை உடைந்து, காற்றில்லாமல் செத்து, அரச மரியாதையோடு அடக்கமும் முடிந்தவர். அவர் புதிய அத்தியாயத்தில் வச்சிரனோடு உட்கார்ந்து இராச்சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுசோறும் கேட்டார்.

வாசகர்கள் விடுவார்களா? கடிதம் கடிதமாகப் போட்டார்கள். ஒருவர், "நிலவில் செத்தவருக்கு அந்தியேட்டி செய்யும் வழக்கம் இல்லையா?" என்று கேட்டிருந்தார். ஆசிரியர் சுமதியைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் இருந்தாள்.

"இன்னொரு செத்தவர் எழும்பினால் கதையை நிப்பாட்டிப்போடுவன் எண்டிட்டார் மாமி."

படிப்பும் நின்றது. புருசனும் பக்கத்தில் இல்லை. வாசல் தாண்டிப் போவதென்றாலும் பயம். அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு கதைதான். அதுவும் நின்றால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பக்கத்து வீட்டு மாமியின் பெட்டி

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நவராத்திரிக்குக் கும்பம் வைப்போம், அவல் கடலை படைப்போம். படி கட்டிப் பொம்மை அடுக்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அது பக்கத்து வீட்டு மாமியின் பழக்கம். அவர்கள் இந்தியாவிலிருந்து வந்து புடைவைக் கடை வைத்திருந்த ஆட்கள். நல்ல மனுசி. அவ சுண்டல் தாளிக்கிற மணம் சுவரைத் தாண்டி வரும்.

கலவரத்துக்குப் பிறகு அவர்கள் சென்னைக்குக் கப்பலேறினார்கள். போகும்போது தகரப் பெட்டி ஒன்றை என்னிடம் தந்து, "ஒரு தடவை வந்து எடுத்துக்கிறேன் அக்கா. வருசத்துக்கு ஒரு வாட்டி வெளிய வச்சுக் காத்து காட்டுங்க," என்றா. வரவில்லை. நான் வருசா வருசம் நவராத்திரிக்குத் தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, வேட்டி விரித்து, அவவின் பொம்மைகளுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் அப்படிச் சொல்லிவிட்ட கிழமைதான் நவராத்திரி தொடங்கியது. பூசை முடிந்து சுமதி கொலுவுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து இருந்தாள். மனம் நிலவில் நின்றது, தெரிந்தது. அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னேன்.

"பிள்ளை, இந்தச் செட்டியாரைப் பார். உன்ரை வச்சிரன் இப்பிடித்தானே இருப்பான்? ஊர்க்காற்று முழுக்க வயித்துக்குள்ளை."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். எழும்பிப் போய்ச் செட்டியாரைத் தூக்கி மேல்படியில் வைத்தாள்.

"அப்ப காற்று மந்திரி மதியூகன்?"

"குழலூதுகிறவர் இருக்கிறாரே. காற்று அவரின்ரை கையுக்குள்ளைதானே."

"இளவேனி?"

எதிரணித் தலைவி. ஆண்டாளைக் காட்டினேன். "கிளிக்குத் தலை போனாலும் விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், பார்."

அன்றைக்கு எங்களுக்குப் பசியே தெரியவில்லை. மேலே இரண்டு படி ஆளுங்கட்சி. கீழே இரண்டு படி எதிரணி. நடுப்படியில் எந்தப் பக்கம் சாய்வதென்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். செத்தவர்கள் தகரப் பெட்டிக்குள், வைக்கோலுக்கு மேலே, துணி சுற்றிப் படுக்க வேண்டும். நெடுங்கோவை நானே என் கையால் படுக்கவைத்து மூடியைப் பூட்டினேன். "இனிச் சாப்பிட வா பாப்பம்," என்றேன்.

அருவன் என்று எதிரணியில் ஒரு கிழவர் இருந்தார். ஒரு காலத்தில் அந்தக் காற்றுக்கதவுகளைக் கட்டிய பொறியியலாளர். எல்லாருக்கும் நல்லவர், யாரோடும் சண்டையில்லை. அவருக்குத் தலையாட்டிப் பொம்மையைக் கொடுத்தோம். தொட்டால் ஆமாம் ஆமாம் என்று நெடுநேரம் ஆட்டும்.

பத்தாம் நாள் கொலுவைக் கலைக்க வேண்டும். கலைக்கவில்லை. தை பிறந்தது, மாசி போனது, கொலு நின்றது. எழுதிய தாள்களையும் அந்தத் தேயிலைப் பெட்டிகளுக்குள்ளே, வேட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டோம்.

"நாள் கடந்து வச்சிருந்தால் வீட்டுக்குக் கூடாது," என்று கமலம் மச்சாள் மூக்கில் விரல் வைத்தா.

"இது கொலு இல்லை மச்சாள், மந்திரிசபை. நானும் நீங்களும் நினைச்சாப்போலை கலைக்கேலாது."

பெட்டிக்குள் படுத்திருந்தவர்கள்

இப்போது விளங்குகிறதா, சார்ஜன் கும்பிட்டபோது நான் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டேனென்று? அவர் தடுத்திராவிட்டால், இளையவன் தூக்கியிருக்கக்கூடிய வேட்டிக்குக் கீழே ஒரு நாட்டின் சதி முழுக்கக் கிடந்தது.

கும்பிட்டு முடித்தவர் தகரப் பெட்டியைக் காட்டினார். திற என்றார். திறந்தேன். உள்ளே ஏழெட்டுப் பேர் துணிக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்கள். இவர்களை மட்டும் ஏன் வெளியே வைக்கவில்லை என்று கேட்டார்.

"நிதாகன்னவா," என்றேன். நித்திரை கொள்கிறார்கள்.

சார்ஜன் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "ஹரி, ஹரி," சரி சரி என்று மெல்லத் தானே மூடியைச் சாத்தினார். நித்திரை குழம்பக்கூடாதென்று நினைத்திருப்பார் போல.

அவர்கள் படியிறங்கின பிறகு நாங்கள் இரண்டு பேரும் வாயில் சீலைத்தலைப்பை அடைத்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானதென்று தெரியாது. இடியப்பம் கல்லாகிப் போனது.

தலையாட்டி கட்சி மாறினார்

எனக்கும் சுமதிக்கும் இடையில் அந்த நாட்களில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கதையில் இன்னார் இப்படிச் செய்தால் நல்லது என்று எனக்குத் தோன்றும். படித்த பிள்ளைக்கு நான் என்ன வாயால் சொல்வது? காலையில் தூசி தட்டும்போது பேசாமல் ஒரு பொம்மையை ஒரு படி மேலேயோ கீழேயோ நகர்த்திவிடுவேன். அவள் தேத்தண்ணியோடு வந்து பார்ப்பாள். பிடித்தால் எழுதுவாள். பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிடுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை.

ஒரு நாள் மச்சாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தா. செருப்போடேயே உள்ளே வந்தா.

"பாத்தியே உன்ரை அருவனை! யோக்கியன் யோக்கியன் எண்டாய், மாறிட்டான்! வச்சிரன்ரை காலிலை போய் விழுந்திட்டான்! கொட்டாஞ்சேனையிலை இதே கதைதான், மீன் கடையிலையும் இதே கதைதான்."

மச்சாள் வச்சிரன் கட்சி; அவவே ஆத்திரப்பட்டால் மற்றவர்கள் எப்படி? குசினியிலிருந்த சுமதியைக் கூப்பிட்டேன்.

"ஏன் பிள்ளை அந்த மனுசனை மாத்தினனீ?"

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "மாமி, நீங்கள்தானே மாத்தினியள்? அண்டைக்குக் காலமை பாத்தால் அருவன் மேல்படியிலை, செட்டியாருக்குப் பக்கத்திலை நிக்கிறார். மாமி ஏதோ பெரிசா யோசிச்சுத்தான் வச்சிருக்கிறா எண்டு ரா முழுக்கக் கிடந்து யோசிச்சு எழுதினனான்."

"நான் தொடவேயில்லை!"

மூன்று பேரும் கொலுவைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே பேத்தி தாரணி நாற்காலியில் ஏறி நின்று, தலையாட்டியைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, "ஆமா? ஆமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் வர வர அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விளையாடி அலுத்ததும் கைக்கு எட்டின இடத்தில் வைத்தாள். நாற்காலியில் நின்றால் கைக்கு எட்டுவது மேல்படி.

மச்சாள் தலையில் கை வைத்தா. "ஐயோ, ஒரு அரசாங்கமே இந்தக் குஞ்சுக் கையிலையே கிடக்கு?"

காரணம் இருக்கு

ஆசிரியரிடமிருந்து ஆள் வந்தது, உடனே வரட்டாம். இந்த முறை நானும் போனேன். அடுத்த அத்தியாயத்தையும் எடுத்துக்கொண்டோம். கொடுக்கிறதா, திரும்பக் கொண்டுவருகிறதா என்று தெரியாமலே பையின் அடியில் தாளை வைத்து, மேலே முருங்கைக்கீரைக் கட்டைப் போட்டேன்.

அச்சுக்கூடத்துக்கு மேலே ஒரு சின்ன அறை. மை நாற்றம். மேசையில் கடிதம் குவிந்து கிடந்தது. ஆசிரியர் மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"பிள்ளை, நான் கேக்கிறது ஒண்டுதான். அருவன் மாறினதுக்குக் காரணம் இருக்கோ? இல்லாட்டி இதுவும் நெடுங்கோ மாதிரியோ? பிழையெண்டால் சொல்லும். இந்தக் கிழமையோடை முடிச்சுப்போடுவம்."

சுமதிக்குப் பொய் வராது. வாயைத் திறந்தாள். குழந்தை மாற்றி வைத்ததென்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"காரணம் இருக்கு," என்றேன்.

ஆசிரியர் கண்ணாடியை இறக்கினார். "நீங்கள் ஆர்?"

"நான் அவவின்ரை மாமி."

"என்ன காரணம் அம்மா?"

"இப்ப சொன்னால் உங்கடை பேப்பரை ஆர் வாங்குவினம்?"

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. ஆனால் அந்தக் காரணம் எனக்கு வேணும். சுறுக்கா வேணும். இல்லாட்டி நிப்பாட்டுறதுதான்," என்றார். அத்தியாயத்தைக் கொடுக்காமலே வந்தோம்.

பஸ்ஸில் ஏறினதும் சுமதி என் கையைப் பிடித்தாள். "மாமி, என்ன காரணம்?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே எழுதுறனீ!"

கொஞ்சத் தூரம் போனதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். செக்பொயின்ட். எல்லாரும் இறங்கி, பையைத் திறந்து பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய மனுசன் ஏதோ எதிர்த்துக் கேட்டார். ஓரத்தில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். என் முறை வந்தது. எங்கே இருக்கிறாய்? தலையாட்டினேன். எங்கே போய் வருகிறாய்? தலையாட்டினேன். இது கீரையா? தலையாட்டினேன். அந்தப் பையன் சலித்துப்போய்ப் போ போ என்று கையைக் காட்டினான். தாள் என்னோடு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

மறுபடி பஸ்ஸில் ஏறும்போது மிதிபலகையில் ஒரு காலோடு நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள்.

"பிள்ளை! அருவன் ஏன் தலையாட்டுறார் தெரியுமே? அந்தப் பக்கம் போகத்தான். எதிர்த்துக் கேட்டவை எல்லாரையும் ஓரத்திலை நிப்பாட்டிப்போட்டான் வச்சிரன். தலையாட்டினவரைத்தான் உள்ளுக்கு விட்டிருக்கிறான். கீரைக்குக் கீழை என்ன கிடக்கெண்டு அவன் பாக்கேல்லை."

சுமதியின் கண் பெரிதானது. "காற்றுக்கதவு," என்றாள். "கட்டினவர் அவர்தானே. திறக்கத் தெரிஞ்ச ஒரேயொரு ஆள். வெளியிலை நிண்டு திறக்கேலாது, உள்ளுக்குப் போகவேணும். ஐயோ மாமி!"

கண்டக்டர் டிக்கெட் கேட்டுக்கொண்டே நின்றான். அவள் என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். வெள்ளவத்தை தாண்டித் தெகிவளைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பெண்கள் நிலவைக் காப்பாற்றிக்கொண்டு போனது அங்கே யாருக்கும் தெரியாது.

காற்று வந்தது

அதன் பிறகு பல வாரம் அருவன் தலையாட்டினார். ஊரடங்குக்குத் தலையாட்டினார். பங்குக் காற்றைக் குறைப்பதற்கும் தலையாட்டினார். வாசகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கமலம் மச்சாள் அவரைத் திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது. கட்சியையும் விட்டுவிட்டா: "இப்பிடிப்பட்டவனைச் சேர்த்த வச்சிரன் என்ன நிர்வாகம்?" நான் வாயைத் திறக்கவில்லை. முருங்கைக்காய் வெட்டினேன்.

வச்சிரன் கடைசியில் மகிழ்ந்துபோய்க் கதவுகளின் பொறுப்பையே அந்தக் கிழவரிடம் கொடுத்தான்.

கடைசி அத்தியாயம் வந்த அன்று மச்சாள் பஸ்ஸில் வரவில்லை, ஓட்டோ பிடித்து வந்தா. கீழ்வீட்டுக்காரர், எதிர்வீட்டு டீச்சர், தொலைபேசி எடுக்கிற கொமியூனிகேஷன் கடை முதலாளி என்று முன்னறை நிறைந்துவிட்டது. கரண்ட் இல்லை. காற்றாடி நின்றுபோய், எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சாள் எழும்பி நின்று வாசித்தா.

கீழ்நகரத்தை ஒரேயடியாகப் பூட்டு என்று வச்சிரன் கட்டளை போடுகிறான். அருவன் தலையாட்டுகிறார். ஆட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கதவாக, எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறார்.

கடல் பக்கத்து யன்னலால் அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. கதையிலேயா வீட்டிலேயா என்று தெரியாமல் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். கடை முதலாளி விசிலடித்தார். மச்சாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கு முதலே தெரியும், அருவன் நல்லவனெண்டு," என்றா. என்ன வாய்!

ஆசிரியர் தாமே வீடு தேடி வந்தார். அந்த மாதக் கடிதங்களை ஒரு சீமெந்துப் பையில் கட்டிக் கொண்டுவந்து சுமதியின் கையில் வைத்தார். "அடுத்த கதை எப்ப?" என்று கேட்டார். அதற்கு நான்தான் பதில் சொன்னேன். "முதல்லை தேத்தண்ணி குடியுங்கோ. இனி எழுதப்போறது இன்னும் பெரிசு."

அன்று பின்னேரம் கற்பூரம் காட்டி, கொலுவைக் கலைத்தோம். கலைக்குமுன் பெட்டியைத் திறந்து செத்தவர்களையும் வெளியே எடுத்தேன். கட்சி பார்க்காமல் எல்லாருக்கும் அவலும் கடலையும் படைத்தேன். நெடுங்கோவுக்கு மறுசோறு கேட்ட ஞாபகத்துக்கு இரண்டாம் தரமும் வைத்தேன்.

சுமதி பிறகு எத்தனையோ புத்தகம் எழுதிவிட்டாள். மேடையில் அவளை ஏற்றி மாலை போடும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். அவள் எனக்குத்தான் முதலில் தலையாட்டுவாள். அது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

தகரப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமி வந்தால் கொடுக்கலாம். தலையாட்டி மட்டும் வெளியே, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே நிற்கிறார். கதவைத் திறந்தாலே ஆட்டுகிறார்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பது தாரணிதான். இப்போது ஒரு வங்கியில் பெரிய வேலை. நாற்காலியில் ஏறி அரசாங்கத்தை மாற்றினது தான்தான் என்று இவ்வளவு காலமும் அவளுக்குத் தெரியாது. எழுதின கை நடுவில் நின்றதை நான் பார்த்தேன்.

"என்ன பிள்ளை, எல்லாம் எழுதிட்டியே? ஒண்டும் விடேல்லையே? அப்ப முதல்லையிருந்து வாசி, கேப்பம். உன்ரை பேர் வாற இடத்தைத் தாண்டி ஓடாமல் ஆறுதலா வாசி. சும்மா தலையை ஆட்டாதை. வாசி."